இன்னிக்கு என்ன எழுதினே?

(தலைப்பு: மழலையர் பள்ளியில் பெற்றோர் பெரிதும் எதிர்பார்க்க வேண்டியது எழுத்தா, விளையாட்டா? 'விளையாட்டே' என்னும் அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எழுத்துக்காக மூச்சுவிடாமல் வாதாடிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பரே! அவைக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே ஒரு கையில் முறுக்கும் மறு கையில் ரிமோட்டுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரே!

எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, கடனை உடனை வாங்கி எல்.கே.ஜி.க்கு ஃபீஸ் கட்டறோம். பிள்ளை என்ன படிச்சுதுன்னு நோட்டைப் பார்த்துத்தானே தெரிஞ்சுக்க முடியும்? நோட்டிலே ஒண்ணும் இல்லேன்னா கட்டின காசு எங்கே போச்சு?" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் மேஜைக்கு அடியிலே லேசாகத் தட்டினேன். (சிரிப்பு)

அந்தக் கேள்வியை நான் கேலி பண்ண மாட்டேன். காசு கொடுத்தவன் கணக்குக் கேட்பான். ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினா பையைத் தூக்கிப் பார்க்கிறோம், கனக்குதான்னு. பழக்கம் அப்படி. அதே கையோடு பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளையோட பையையும் தூக்கிப் பார்க்கிறோம். பையைச் சுமந்துக்கிட்டு ஒரு பிள்ளையும் வந்திருக்கே, அதைப் பார்க்கிறோமா? என் வழக்கு அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு ஏதாவது ஒரு நர்சரிப் பள்ளி வாசலிலே போய் நில்லுங்க. ஆட்டோ பத்து நிக்கும். ஸ்கூட்டர் இருபது நிக்கும். குடையோட தாத்தா பாட்டி நிப்பாங்க. மணி அடிக்கும். கேட் திறக்கும். கோழிக்கூண்டைத் திறந்துவிட்ட மாதிரி பிள்ளைங்க வரும். வந்த பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுக்கிறதுக்கு முன்னாலே வாசலிலே விழற முதல் வார்த்தை என்ன தெரியுமா? "இன்னிக்கு என்ன எழுதினே?"

ஏங்க, ஆபீஸ் முடிஞ்சு வர்ற வீட்டுக்காரரை வாசப்படியிலே நிறுத்தி, "இன்னிக்கு எத்தனை ஃபைல் பார்த்தீங்க?"ன்னு ஒரு வாரம் கேட்டுப் பாருங்க. எட்டாவது நாள் அவர் வீட்டுக்கு வர மாட்டார், ஹோட்டலுக்குப் போயிடுவார். பிள்ளைக்குப் போக ஹோட்டல் இல்லை. அதனாலே அது சொல்லும்: "ஒண்ணும் இல்லே." (சிரிப்பு, கைத்தட்டல்)

சரி, ஒன்பது மணிக்கு உள்ளே போன பிள்ளை பன்னிரண்டரைக்கு வெளியே வர்றதுக்குள்ளே உள்ளே என்ன நடக்கணும்? கேட்டுக்கு வெளியே நிக்கிற நமக்கு எப்படித் தெரியும்? என் துணைவியார் இருபத்தெட்டு வருஷம் மழலையர் வகுப்பு ஆசிரியை. நான் முனைவர் பட்டம் வாங்கினது பிள்ளைத்தமிழிலே. அவங்க வாங்கினது பிள்ளைகள்கிட்டே. வீட்டிலே யார் பேச்சு எடுபடும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. அவங்க சொல்லி நான் கேட்டதைத்தான் இங்கே சொல்றேன்.

முதல்லே அழுகை. ஜூன் மாதம் முதல் வாரம் எல்.கே.ஜி. வாசல் எழவு வீடு மாதிரி இருக்கும். உள்ளே பிள்ளை அழும், வெளியே அம்மா அழுவாங்க. அப்பா மட்டும் ஒரு தந்திரம் பண்ணுவார். "அங்கே பாரு காக்கா!"ன்னு காட்டிட்டு ஓடிடுவார். என் துணைவியார் இதை மட்டும் பொறுத்துக்க மாட்டாங்க. "அழுதாலும் பரவாயில்லே, சொல்லிட்டுப் போங்க சார். பன்னிரண்டரைக்கு வருவேன்னு சொல்லுங்க, பன்னிரண்டரைக்கு வந்து நில்லுங்க"ம்பாங்க. ஏமாத்திட்டுப் போன அப்பாவோட பேன்ட்டை மறுநாள் பிள்ளை விடவே விடாது. இன்னொரு நாள் காக்காயே வந்தாலும் திரும்பிப் பார்க்காது. சன்னலோரம் ஒளிஞ்சு நிக்கிற பாட்டி வேற. அடங்கின அழுகை, பாட்டியோட முந்தானை தெரிஞ்சதும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த அழுகை சில வாரத்திலே தணிஞ்சிடும். அழுகை நின்னுட்டுது, ஆனா பேச்சும் நின்னுட்டுது, சோறும் இறங்கலைன்னா அப்போ டீச்சர்கிட்டே போய் உட்கார்ந்து பேசணும். நாம என்ன பண்றோம்? அழாத பிள்ளையை 'சமத்து'ன்னு எழுதி மூடிடறோம்.

அடுத்தது, வட்டமா உட்கார்ந்து பாட்டு. ஒரு பந்து இருக்கும், இருபது பிள்ளை இருக்கும். தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். நாலு வயசுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. சிரிக்காதீங்க. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டிலே வண்டி நிக்கிறதுக்கு முன்னாலே சன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிறாங்களே, அவங்கள்லாம் எழுத்து நல்லாப் படிச்சவங்கதான். பந்துக்குக் காத்திருக்கப் படிக்காதவங்க! (கைத்தட்டல்)

அப்புறம் களிமண், மணி கோக்கிறது, கட்டை அடுக்கிறது, காகிதம் கிழிச்சு ஒட்டுறது. இங்கேதான் எதிரணி நண்பர் குறுக்கே வந்தார். "களிமண்ணை உருட்ட எதுக்கு ஃபீஸ்?" என்றார். நல்ல கேள்வி. உங்க கையைக் கொஞ்சம் தூக்குங்க. மணிக்கட்டைத் திருப்பிப் பாருங்க. உள்ளே எட்டுச் சின்ன எலும்பு இருக்கு. பிறந்த குழந்தைக்கு அது பெரும்பாலும் குருத்தெலும்பாத்தான் இருக்கும். வளர வளர ஒவ்வொண்ணா இறுகும். மூணு வயசிலே பாதிகூட இறுகியிருக்காது. கடைசி எலும்பு இறுகறதுக்கு எட்டு, பத்து வயசுகூட ஆகும். அந்தக் கையிலே பென்சிலைக் கொடுத்து, நாலு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, "கோட்டுக்கு வெளியே போகக் கூடாது"ங்கறோம். ஐம்பது வயசிலே நான் கையெழுத்துப் போட்டாலே கோட்டுக்கு வெளியேதான் போகுது, பேங்கிலே கேட்டுப் பாருங்க!

களிமண் உருட்டுற விரல், சப்பாத்தி மாவு பிசையுற விரல், பாட்டிகூட உட்கார்ந்து பருப்பிலே கல் பொறுக்குற விரல்... அதுதான் நாளைக்குப் பென்சிலைச் சரியாப் பிடிக்கப் போற விரல். விளையாட்டை எழுத்துக்கு எதிரின்னு நினைச்சு இந்தத் தலைப்பையே வச்சிருக்கீங்க நடுவர் அவர்களே. அதுக்கு உங்ககிட்டே தனியா சண்டை இருக்கு, சாப்பாட்டு நேரத்திலே வச்சுக்கறேன்.

எல்.கே.ஜி., எல்.கே.ஜி.ங்கறோமே, அதிலே கடைசியா ஒரு 'ஜி' இருக்கே, அது என்ன? தோட்டம்! ஃப்ரெடரிக் ஃப்ரோபெல்னு ஒரு ஜெர்மானியர். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்கிற சின்ன ஊரிலே சிறு பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டுக் கூடம் ஆரம்பிச்சார். 1840இல் அதுக்கு 'கிண்டர்கார்டன்', குழந்தைகளின் தோட்டம்னு பேர் வச்சார். பேருக்கு ஏத்த மாதிரி பிள்ளைகளுக்குப் பாத்தி பிரிச்சுக் கொடுத்து விதை போடச் சொன்னார். கம்பளி நூல் பந்து கொடுத்தார், மரக்கட்டை கொடுத்தார். 1851இல் பிரஷ்ய அரசாங்கம் இந்தப் பள்ளிகளையெல்லாம் தடை பண்ணிட்டது. அடுத்த வருஷமே மனிதர் இறந்துபோனார். 1860இல்தான் தடை நீங்கிச்சு. பிள்ளைங்க மண்ணைக் கிளறினா அரசாங்கத்துக்கே பயம் வந்திருக்கு! நாம தடையெல்லாம் போடலை. பேரை வச்சுக்கிட்டோம், தோட்டத்தை மட்டும் எடுத்துட்டு அங்கே ஸ்கூல் வேன் நிறுத்தறோம். (சிரிப்பு)

ஜெர்மனிக்காரன் எதுக்குன்னு கேட்பீங்க. நம்ம சென்னைக்கே வர்றேன். ஆண்ட்ரூ பெல்னு ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர். 1789இல் எழும்பூரிலே படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒரு நாள் குதிரையிலே போகும்போது நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் ஒண்ணைப் பார்க்கிறார். பிள்ளைங்க தரையிலே மணலைப் பரப்பி விரலாலே எழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கு. அழிச்சா அழியுது, மறுபடி போட்டா வருது. தாள் வேண்டாம், மை வேண்டாம், தப்புப் போட்டா சிவப்புக் கோடும் வேண்டாம். அசந்துபோனார். அதைத் தம் பள்ளியிலே கொண்டுவந்து வச்சார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற முறையோடு சேர்த்து 1797இல் லண்டனிலே புத்தகமாகவே போட்டார். 'மெட்ராஸ் முறை'ன்னு இங்கிலாந்திலே பேர் எடுத்த சரக்கு அது.

1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்தாங்க, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க. அவங்க இத்தாலிக்காரங்க. உலகப்போர் நேரம், நினைச்ச நேரத்திலே ஊர் திரும்ப முடியலை. வருஷக்கணக்கிலே இந்தியாவிலேயே இருந்தாங்க, கொடைக்கானலிலேயும் இருந்தாங்க. அவங்க முறையிலே எழுத்தை உப்புத்தாளிலே வெட்டி ஒட்டி, பிள்ளையை விரலாலே தடவச் சொல்வாங்க. நம்ம வீட்டு விஜயதசமியை நினைச்சுப் பாருங்க. தாத்தா மடியிலே பிள்ளை, தாம்பாளத்திலே அரிசி, அரிசியிலே விரல். மூணு இடத்திலேயும் பென்சில் இல்லை!

"மணல்லே எழுதினாலும் எழுத்துத்தானே?"ன்னு எதிரணி அம்மா ஒருத்தங்க எழுந்திருக்கப் பார்க்கிறாங்க. உட்காருங்கம்மா, உங்க பக்கம்தான் வர்றேன். எழுத்தைப் பிள்ளை கண்ணுக்கு மறைச்சு வைக்கச் சொல்ற ஆள் எங்க அணியிலே யாரும் கிடையாது. கதைப் புத்தகத்திலே பார்க்கட்டும், பஸ்ஸோட நெத்தியிலே பார்க்கட்டும், தன் டிபன் டப்பாவிலே தன் பேரைப் பார்க்கட்டும். ஒரு பக்கம் முழுக்க 'ஏ' போட்டு வா, இன்னொரு பக்கம் முழுக்க ஒண்ணு போட்டு வான்னு மூணரை வயசுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறாங்களே, அதைத்தான் வேண்டாங்கறோம். நாங்க மட்டும் சொல்லலை. பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993லேயே மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. சின்னப் பிள்ளைகள் மேலே எழுத்தையும் எண்ணையும் இப்படி ஏத்துறதை வன்முறைங்கற சொல்லாலேயே குறிச்சாங்க. நர்சரி சேர்க்கைக்குப் பரீட்சையும் நேர்காணலும் ஒழியணும்னும் சொன்னாங்க.

இப்போ கொஞ்சம் எங்க சரக்கு. தமிழ் வாத்தியாரை மேடையிலே ஏத்திட்டு இலக்கியம் பேசாதேன்னா எப்படி? பிள்ளைத்தமிழ் பாடின புலவன் பிள்ளையோட வளர்ச்சியைப் பத்துப் பருவமாப் பிரிச்சான். செங்கீரை ஆடணும், சப்பாணி கொட்டணும், நிலாவைக் கூப்பிடணும். ஆண் பிள்ளைக்குக் கடைசி மூணு என்ன? சிற்றில் சிதைக்கிறது, சிறுபறை கொட்டுறது, சிறுதேர் உருட்டுறது. பெண் பிள்ளைக்கு? கழங்கு, அம்மானை, ஊசல். வீட்டைக் கலைக்கிறது, சத்தம் போடுறது, வண்டி ஓட்டுறது, தூக்கிப்போட்டுப் பிடிக்கிறது, ஊஞ்சல் ஆடுறது! எழுத்துப் பருவம்னு ஒரு பருவம் உண்டா? கிடையாது. (பாட்டியல் நூல்கள் இதுக்கு மாதக் கணக்குச் சொல்லும், அதுக்குள்ளே நான் போனா நடுவர் மணி அடிச்சிடுவார்.)

புறநானூற்றிலே பாண்டியன் அறிவுடைநம்பி ஒரு குழந்தை சாப்பிடுறதைப் பாடியிருக்கான், 188ஆம் பாட்டு. சின்னச் சின்னதா நடந்து வருது. கையை நீட்டுது. சோற்றைத் தொடுது, கீழே போடுது, வாயிலே கவ்வுது, துழாவுது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்குது. இந்தப் பிள்ளை இல்லாதவன் எவ்வளவு சொத்து வச்சிருந்தாலும் வாழ்ந்த நாள் வீண்ங்கறான் ராஜா. இன்னிக்கு இதையே 'சென்ஸரி ஆக்டிவிட்டி'ன்னு பேர் போட்டுத் தனியா ஃபீஸ் வாங்கறாங்க. ஆனா சட்டையிலே சோறு ஒட்டியிருந்தா அதே பள்ளிக்கூடம் டைரியிலே சிவப்பு மையிலே எழுதி அனுப்புது! (கைத்தட்டல்)

இப்போ சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு சேதி சொல்றேன்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருத்தரோட மகள். வயசு மூணரை. பள்ளிக்கூடத்தின் பேர் வேண்டாம். நல்ல கட்டடம், நல்ல பேர். உள்ளே நுழைஞ்சா ஆங்கிலம்தான் பேசணும். குழந்தையோட அம்மா தினமும் நோட்டைப் பார்ப்பாங்க. அழகான எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் நட்சத்திரம். எங்ககிட்டேகூட காட்டியிருக்காங்க. அந்த வீட்டிலே ஒரு பாட்டி. படிக்கத் தெரியாது. நோட்டைக் காட்டினா தலைகீழாப் பிடிப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது டப்பா கழுவுறது, பாட்டில் கழுவுறது. ஒரு நாள் சொன்னாங்க: "ஏண்டி, பிள்ளை கொண்டுபோற தண்ணி கொண்டுபோன மாதிரியே திரும்பி வருதே, ஒரு வாரமாப் பார்க்கிறேன்."

யாரும் பெரிசா எடுத்துக்கலை. அப்புறம் குழந்தைக்கு ஜுரம். டாக்டர் பார்த்துட்டு நீர்க்கடுப்புன்னார். தண்ணியே குடிக்கிறதில்லையான்னு கேட்டார். பாட்டிதான் மடியிலே போட்டுக்கிட்டு மெதுவா விசாரிச்சாங்க. குழந்தை சொல்லிச்சு: "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும் பாட்டி. மிஸ்கிட்ட கேக்கணும்ல." எப்படிக் கேக்கணுமோ அந்த ஆங்கில வாக்கியம் அதுக்கு வாயிலே வரலை. தமிழிலே கேட்டா மிஸ் பதில் சொல்லக் கூடாது, அது விதி. மூணரை வயசுப் பிள்ளை தானா யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு: குடிக்காம இருந்துட்டா கேக்க வேண்டியதே இல்லை!

தமிழ்ப் பேராசிரியன் நான். மொழியைப் பத்தி எத்தனையோ மேடையிலே பேசியிருக்கேன். ஒரு குழந்தை தாகத்தை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியைவிடப் பெரிய மேடை எனக்குத் தெரியலை. பெற்றோர் போய்க் கேட்டாங்க. தலைமை ஆசிரியை விதியைச் சொன்னாங்க. வகுப்பு மிஸ் சின்னப் பொண்ணு, இருபத்திரண்டு வயசிருக்கும். அவங்க வெளியே வந்து, யாருக்கும் கேக்காம, குழந்தைகிட்டே குனிஞ்சு, "பேசவே வேண்டாம்டா, இப்படி ஒரு விரலைக் காட்டு, போதும்"னாங்க. மறுநாள் பாட்டில் பாதியாச்சு. அந்த வாரக் கடைசியிலே காலி.

நடுவர் அவர்களே, நோட்டிலே நட்சத்திரம் இருந்த அதே வாரத்திலேதான் பாட்டிலிலே தண்ணி அப்படியே இருந்திருக்கு. ஃபீஸ் கட்டினவங்க எதைக் கணக்குக் கேக்கணும்னு எதிரணி நண்பர் சொல்லட்டும். பாட்டில் காலியா வரணும். டப்பா பாதியாவது காலியா வரணும். சட்டையிலே மண் இருக்கணும். ஒரு பாட்டு தப்புத் தப்பா வீட்டிலே கேக்கணும். பக்கத்திலே உட்கார்ந்த பிள்ளையோட பேர் வரணும். அந்தப் பிள்ளை இவன் ரப்பரைப் பிடுங்கிச்சுன்னு புகாரும் வரணும். அதையெல்லாம் கேக்கிறதுக்கும் ஒரு நேரம் இருக்கு. பள்ளிக்கூடத்திலே 'தங்கம்'னு பேர் வாங்கின பிள்ளை வீட்டுக்குள்ளே வந்ததும் செருப்பை வீசும். மூணரை மணி நேரம் அடக்கி வச்சது அது. யார்கிட்டே காட்டினா அடி விழாதோ அவங்ககிட்டேதான் காட்டும். முதல்லே சோறு, அப்புறம் மடி, விசாரணை எல்லாம் சாயங்காலம்.

"ஒண்ணாம் வகுப்புக்கு நேர்காணல் வைக்கிறாங்களே, எழுதத் தெரியலேன்னா சீட் கிடைக்காதே"ன்னு நண்பர் பயமுறுத்தினார். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவு. சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதிச்சுப் பார்க்கக் கூடாது. மீறினா முதல் தடவை இருபத்தைந்தாயிரம் வரைக்கும் அபராதம், அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் ஐம்பதாயிரம். சட்டம் நம்ம பக்கம் இருக்கு. கேட்க நமக்குத்தான் நாக்கு எழலை. ஆங்கில வாக்கியம் தெரியாத அந்தக் குழந்தை மாதிரி நாமும் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்.

இன்னொண்ணு. எங்க வீட்டிலே வேலை பார்க்கிற அம்மா தன் பேரனை அங்கன்வாடிக்கு அனுப்புறாங்க. சொல்லும்போதே குரல் இறங்குது. "அங்கே எழுத்தெல்லாம் இல்லீங்க. பாட்டு, சோறு, முட்டை, தூக்கம், அவ்வளவுதான்"ங்கறாங்க. 1975 அக்டோபர் 2ஆம் தேதி இந்த நாட்டிலே தொடங்கின திட்டம் அது. தமிழ்நாட்டிலே இன்னிக்கு ஐம்பதாயிரத்துக்கு மேலே மையம் இருக்கு. 2019இல் 2,381 மையங்களிலே எல்.கே.ஜி., யு.கே.ஜி.யே ஆரம்பிச்சாங்க. எல்லா மையமும் சொர்க்கம்னு நான் சொல்லலை. கூரை ஒழுகுற இடமும் உண்டு. ஆனா பாட்டும் சோறும் தூக்கமும் இருக்கிற இடத்தை அந்த அம்மா வெட்கத்தோட சொல்றாங்க. நட்சத்திரம் வாங்கி ஜுரத்திலே படுத்த பிள்ளையோட அம்மா பெருமையாச் சொன்னாங்க. இந்த வெட்கத்தையும் பெருமையையும் இடம் மாத்தி வச்சது யாரு?

மணி அடிச்சிட்டீங்க. முடிச்சுக்கறேன். நடுவர் அவர்களே, உங்க பேத்தி இந்த வருஷம் எல்.கே.ஜி.யிலே சேர்ந்திருக்கான்னு வரும்போது காரிலே சொன்னீங்க. நோட்டு ரொம்ப அழகா இருக்குன்னும் சொன்னீங்க. தீர்ப்பைச் சொல்றதுக்கு முன்னாலே வீட்டுக்கு ஒரு போன் போட்டு, இன்னிக்கு அவ பாட்டிலிலே தண்ணி எவ்வளவு மிச்சம் இருந்ததுன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க.